மனைப்பிரிவின் காலி இடம் பூங்காவாக வேண்டுமா? எந்த நிதியைக் கேட்பது?

தமிழகத்தில் பழைய மனைப்பிரிவு ஒன்றின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஒரு மூலையில் பச்சை தீட்டி ‘பூங்கா’ என்று எழுதியிருக்கும். நேரில் போனால் பெரும்பாலும் சீமைக் கருவேலமும் கட்டட இடிபாடுமாகக் கிடக்கும். அதை மீட்டுப் பிள்ளைகள் விளையாடவும் பெரியவர்கள் நடக்கவும் தோதாக்க வேண்டும் என்று குடியிருப்போர் நலச்சங்கம் கூடித் தீர்மானம் போடுகிறது. உடனே எழும் கேள்வி பணம். எம்.எல்.ஏ.விடம் மனு கொடுப்பதா, எம்.பி.யிடம் போவதா, ‘நமக்கு நாமே’யில் தெருவே சேர்ந்து பங்கு போடுவதா, நகராட்சி தன் பெரிய திட்டங்களில் சேர்க்கும் வரை காத்திருப்பதா?

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சுற்றிலும் வீடுகள் உள்ள, அரை ஏக்கருக்கு உட்பட்ட இடத்துக்கு நமக்கு நாமே திட்டம்தான் பொருத்தம். வேலி, விளக்கு போன்ற தனித்தனிப் பணிகளுக்கு எம்.எல்.ஏ. நிதி உதவும். குளமோ ஏரியோ ஒட்டிய பெரிய இடமாக இருந்தால் மட்டும் நகராட்சியின் பெருந்திட்டங்களுக்குக் காத்திருக்கலாம். ஏன் இப்படிப் பிரிக்கிறோம் என்றால், கட்டுவதற்குப் பணம் தரப் பல திட்டங்கள் இருக்கின்றன. மூன்றாம் ஆண்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவருக்குக் கூலி தரும் திட்டம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே எவ்வளவு கிடைக்கும் என்பதோடு, அந்த நிதியில் கட்டிய பூங்காவைப் பிறகு யார் தம்முடையதாக நினைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலில் நிலத்தின் காகிதம்

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இடம் உள்ளாட்சியின் பெயரில் இருக்கிறதா? இங்கே பேசும் எந்த நிதியையும் நிலம் வாங்க நம்ப முடியாது. எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதியின் விதிகள் நிலம் கையகப்படுத்துவதை வெளிப்படையாகவே தடுக்கின்றன.

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான இடங்களில் நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டவும் வழி உண்டு. இப்படித் திறந்தவெளியாக ஒதுக்கிய நிலத்தைத்தான் எல்லாரும் ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) இடம் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், 5 ஏக்கர் மனைப்பிரிவு 20,234 சதுர மீட்டர். அதில் சாலைக்கு 30 சதவீதம் போனால் மீதி 14,164. பத்தில் ஒரு பங்கு 1,416 சதுர மீட்டர், அதாவது 35 சென்ட். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த 35 சென்டையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

சேகரிக்க வேண்டிய காகிதங்கள் ஐந்து. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ, சென்னைப் பெருநகர்ப் பகுதியானால் சி.எம்.டி.ஏ.விலோ கிடைக்கும். தானப் பத்திரத்தின் நகலும் அந்தச் சர்வே எண்ணுக்கான வில்லங்கச் சான்றும் பதிவுத் துறையில். பட்டா அல்லது நகர நிலஅளவைப் பதிவேட்டின் நகலும் புல வரைபடமும் வருவாய்த் துறையில். இவற்றில் பலவற்றை இணையத்திலேயே எடுத்துவிடலாம். நகராட்சியில் யாரும் தேடித்தராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ‘எங்கள் மனைப்பிரிவின் பூங்கா இடத்துக்கான தானப் பத்திர எண், நாள், பரப்பு, நகராட்சிச் சொத்துப் பதிவேட்டில் அதன் பதிவு’ என்று நான்கையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ‘பூங்கா பற்றிய விவரம்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

சிக்கல்கள் பெரும்பாலும் இங்கேதான் கிளம்பும். தானப் பத்திரம் பதிவாகியிருக்கும், பட்டா மட்டும் பழைய உரிமையாளர் பெயரிலேயே நிற்கும். பத்து வருடம் கழித்து வாரிசு ஒருவர் அதை இன்னொருவருக்கு விற்றுவிடுவார். பிறகு வழக்கு, தடையாணை. அதனால் வில்லங்கச் சான்றைப் பத்திரம் பதிவான நாளிலிருந்து இன்றுவரைக்கும் போட்டுப் பார்ப்பது அவசியம். பட்டா மாறவில்லை என்று தெரிந்தால், பூங்கா மனுவை ஒத்திவைத்துவிட்டு, பட்டா மாற்றக் கோரி நகராட்சி ஆணையருக்கும் வட்டாட்சியருக்கும் முதலில் எழுதுங்கள்.

இன்னொன்று, இடம் ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்காக இருப்பது. பார்க்கக் காய்ந்த பொட்டலாக இருந்தாலும் பதிவேட்டில் நீர்நிலை என்றிருந்தால் அங்கே சிமெண்டுக் கட்டுமானம் எழுப்ப முடியாது. அதற்குள் ‘பூங்கா’ என்று செலவு மதிப்பீடு போட்டால் நீதிமன்றத்தில் நிற்காது. பதிவேட்டில் 35 சென்ட் என்றிருந்து, நில அளவையர் சங்கிலி போட்டதும் 31 சென்டாகச் சுருங்குவதும் உண்டு. அந்த 4 சென்ட் யாருடைய கார் கொட்டகைக்குள் போயிருக்கிறது என்பது தெருவுக்கே தெரிந்திருக்கும். அதைப் பேசித் தீர்க்காமல் வேலி போட ஆரம்பித்தால் ஒப்பந்ததாரர் முதல் வாரமே வேலையை நிறுத்திவிடுவார்.

இடத்தை வேறு பயனுக்குத் தந்துவிட உள்ளாட்சியே நினைத்தால் என்ன செய்வது என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு தகவல். பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியது செல்லாது என்று பெங்களூரு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. திறந்தவெளி வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது.

நமக்கு நாமே: பங்கு போட்டால் குரலும் உண்டு

1997-98-இல் தொடங்கிய இந்தத் திட்டம் 2011-இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-22-இல் பழைய பெயரோடு திரும்பி வந்தது. அடிப்படை மாறவில்லை: மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும், மீதியை அரசு தரும். ஊரகத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். பூங்கா, விளையாட்டுத் திடல், மரம் நடுதல் எல்லாம் இதில் அடங்கும்.

மூன்றில் ஒரு பங்கு என்றதும் தெரு மலைத்துப் போகும். உடைத்துப் பார்த்தால் அவ்வளவு பாரமில்லை. 35 சென்ட் பூங்காவுக்குப் பணியின் மதிப்பு 25 லட்சம் என்று வையுங்கள். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 4.5 லட்சம், தொழிலாளர் நல நிதி 1 சதவீதம் 25,000, மொத்தம் 29.75 லட்சம். மக்கள் பங்கு சுமார் 9.92 லட்சம். 120 வீடுகள் சேர்ந்தால் வீட்டுக்கு ஏறத்தாழ 8,300 ரூபாய். எல்லாரும் ஒரே தொகை தர வேண்டியதில்லை. பக்கத்துத் தொழிற்சாலையின் சமூகப் பொறுப்பு நிதியும் பங்களிப்பாக வரலாம். கம்பெனிச் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவுக்கு உட்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இவ்வகைச் செலவுக்கு ஒதுக்கியாக வேண்டும். அவர்களுக்கும் நிர்வாக அனுமதி ஆணை, செலுத்திய ரசீது என்று ஒழுங்கான காகிதம் கிடைப்பதால் இந்தத் திட்டம் தோதுப்படுகிறது.

ஒரு எச்சரிக்கை. வரிகளைச் சேர்க்காமல் 25 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று 8.33 லட்சம் திரட்டிவிட்டு, ஆணையர் அலுவலகத்தில் போய் நின்றபின் இன்னும் ஒன்றரை லட்சம் வேண்டும் என்று கேட்கும்போதுதான் சங்கங்கள் உடைகின்றன. வசூலைத் தொடங்கும் முன் வரியோடு கூடிய மதிப்பீட்டின் கடைசிப் பக்கத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வசூலைச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் மட்டுமே போட்டு, உள்ளாட்சிக்கு வரைவோலையாகச் செலுத்துவது நல்லது. ரொக்கம் கை மாறிய இடத்தில் கணக்குக் கேட்கும் உரிமையும் சேர்ந்து கரைந்துவிடும்.

மக்கள் பங்கு 50 சதவீதத்துக்கு மேல் போனால், பணம் தருபவரே பணியை எடுத்துச் செய்ய விதி இடம் தருகிறது. தரம் நம் கையில் இருக்கும் என்று இதை விரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் முடிந்த பணியின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம், பொருள் சோதனைச் சான்று, பகுதி பகுதியாக வரும் பட்டியல் தொகை எல்லாவற்றையும் சங்கமே சுமக்க நேரும். முன்பணம் போட்டு மூன்று மாதம் தாக்குப்பிடிக்க முடியாத சங்கம் இந்த வழியில் இறங்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தி, டெண்டர் மூலம் வரும் ஒப்பந்ததாரரின் வேலையைக் கூர்ந்து கவனிப்பதே பெரும்பாலானவர்களுக்குச் சரி.

இந்தத் திட்டத்தின் பெரிய பலன் அரசு தரும் மூன்றில் இரண்டு பங்கு என்று பலர் நினைக்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. 8,300 ரூபாய் கொடுத்த வீட்டுக்காரர் குழாய் ஒழுகினால் மறுநாளே போன் பண்ணுவார். சிமெண்டு கற்களுக்கு அடியில் ஜல்லித்தூள் போடாமல் மணல் மட்டும் கொட்டினால் நின்று கேட்பார். அந்த அக்கறையை வேறெந்த நிதியாலும் வாங்க முடியாது.

எம்.எல்.ஏ. நிதி, எம்.பி. நிதி

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். இதில் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட வகைப் பணிகளுக்கென்று அரசே கட்டிவைக்கிறது. மீதிதான் உறுப்பினரின் விருப்பத்துக்கு. நாடாளுமன்ற உறுப்பினர் நிதி ஆண்டுக்கு 5 கோடி. எண்ணைப் பார்த்து எம்.பி. நிதியே பெரிது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தமிழகத்தில் 39 மக்களவைத் தொகுதிகள், 234 சட்டமன்றத் தொகுதிகள், ஒரு எம்.பி.க்கு 6 சட்டமன்றத் தொகுதிகள். 5 கோடியை ஆறால் வகுத்தால் தொகுதிக்கு 83 லட்சம்தான். அதிலும் 15 சதவீதம் பட்டியல் இனத்தவர் பகுதிகளுக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் செலவிடப் பரிந்துரைக்க வேண்டும். உங்கள் தெரு அத்தகைய பகுதியில் இருந்தால் மனுவில் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். அது உங்களுக்குச் சாதகம். மற்றவர்கள் எம்.எல்.ஏ.விடமே முதலில் போகலாம்.

நடைமுறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. உறுப்பினர் பரிந்துரைக் கடிதம் தருவார். மாவட்ட நிர்வாகம் உள்ளாட்சியிடம் மதிப்பீடு கேட்கும். தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, டெண்டர், பணி ஆணை என்று வரிசையாகப் போகும். பரிந்துரைக் கடிதம் கைக்கு வந்ததும் பணம் வந்துவிட்டதாகத் தெருவில் இனிப்பு கொடுத்துவிடுகிறார்கள். நிர்வாக அனுமதி ஆணை எண்ணோடு வரும் வரைக்கும் அது ஒரு பரிந்துரை மட்டுமே.

இந்த நிதிகளின் நன்மை, மக்கள் கையிலிருந்து ஒரு ரூபாயும் போக வேண்டாம். வசூலிக்க வழியில்லாத, கூலி வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த தெருக்களுக்கு இதுவே நியாயமான வழி. இதைச் சலுகையாக யாரும் எண்ண வேண்டியதில்லை. பாதகம், தொகை துண்டு துண்டாக வரும். ஒரே தொகுதியில் நூறு தெருக்கள் கேட்டு நிற்கும்போது ஒரு பூங்காவுக்கு 30 லட்சம் கேட்டால் தயங்குவார்கள். ‘சுற்று வேலி, 150 மீட்டர்’ என்றோ ‘6 விளக்குக் கம்பங்கள், மின் இணைப்போடு’ என்றோ தனிப்பணியாகக் கேட்டால் வாய்ப்பு கூடும். அப்படிக் கேட்கும்போது நமக்கு நாமே மதிப்பீட்டில் அந்த இனம் இருக்கவே கூடாது. ஒரே வேலி இரண்டு அளவுப் புத்தகங்களில் ஏறினால் தணிக்கையில் மாட்டி, இரண்டு பணிகளின் தொகையும் நின்றுபோகும்.

காலத்தையும் கணக்கில் வையுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதி அமலானால் புதிய பணிகளுக்கு அனுமதி கிடையாது. ஏற்கெனவே களத்தில் தொடங்கிய பணி தொடரும். கோப்பில் மட்டும் இருக்கும் பணி நிற்கும். பதவிக்காலத்தின் கடைசி ஆண்டில் வாங்கும் பரிந்துரை மிக ஆபத்தானது. ஏப்ரலில் புது நிதியாண்டு பிறந்ததும், மதிப்பீட்டின் நகலோடு போய் நிற்கிறவர்களின் பெயர்தான் பட்டியலில் ஏறுகிறது.

நகராட்சி வழியே வரும் பெருந்திட்டங்கள்

பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் அமைப்பது நகராட்சியின் வேலை என்று அரசியலமைப்பின் 12-ஆவது அட்டவணையின் 12-ஆவது இனமே சொல்கிறது. எனவே நகராட்சியிடம் கேட்பது உரிமை. எந்தப் பையிலிருந்து எடுப்பார்கள் என்பதுதான் விஷயம்.

கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. பூங்காக்களுக்கு இதில் இடம் உண்டு. ஆனால் சந்தை, பேருந்து நிலையம், எரிமேடை, அறிவுசார் மையம் என்று எல்லாமே இதே வரிசையில் நிற்கின்றன. நகர உள்ளாட்சிகளோ 600-க்கும் மேல். நகரத்துக்கே அடையாளமாகும் ஒரு பெரிய பூங்காவுக்கு இது பொருந்தும். ஒரு வார்டின் 35 சென்ட் இந்த வரிசையில் முன்னால் வருவது கடினம்.

நகரங்களுக்கான ஒன்றிய அரசின் அம்ருத் திட்டத்தின் முதல் கட்டத்தில், 2015 முதல், மொத்தத் திட்டத் தொகையில் அதிகபட்சம் 2.5 சதவீதம் பூங்காக்களுக்கு என்று வைத்திருந்தார்கள். அந்தக் கட்டம் முடிந்துவிட்டது. 2021 அக்டோபர் 1-இல் தொடங்கி 2025-26 வரைக்குமென வகுக்கப்பட்ட அம்ருத் 2.0 குடிநீரையும் கழிவுநீரையும் நீர்நிலை மீட்பையும் முன்வைத்தது; பூங்காவும் பசுமைவெளியும் அதில் துணை இனங்கள்தான். ஒரு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு 50 சதவீதம், 10 லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு, அதற்கு மேல் 25 சதவீதம் என்று பிரித்தார்கள். குளக்கரையில் நடைபாதையும் மரங்களும் இருக்கை வரிசையும் வேண்டும் என்பவர்கள், ‘குளம் புனரமைப்பு’ என்ற தலைப்பில் கேட்பதே இத்தகைய திட்டங்களில் வழி என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பூங்கா என்று மட்டும் எழுதிய மனு பின்தங்கலாம். நீர்வரத்து வாய்க்கால், கரை உயரம், உபரிநீர் வழியும் கலங்கல் ஆகியவற்றோடு எழுதிய மனு நகரும்.

ஒன்றிய நிதிக் குழுவின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்கு வரும் மானியத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2021-26 காலத்துக்கான 15-ஆவது நிதிக் குழு, 10 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம் எனக் கட்டிவைத்தது. மீதி 40 சதவீதம் உள்ளூர்த் தேவைக்கு. ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் கூடாது என்றது. பூங்காவில் வேலி போடலாம், காவலாளிக்குச் சம்பளம் தர முடியாது என்பது இதன் பொருள். பராமரிப்புக்கு ஆள் வேண்டுமானால் கடைசியில் நகராட்சியின் பொது நிதியைத்தான் தட்ட வேண்டும்.

கிராம ஊராட்சிகளுக்கு ஒரு பழைய அனுபவம் பாடமாக இருக்கிறது. 2016-இல் 500 அம்மா பூங்காக்கள் தலா 20 லட்சத்திலும், 500 உடற்பயிற்சிக் கூடங்கள் தலா 10 லட்சத்திலும் அறிவிக்கப்பட்டன. கட்டும் தொகை முழுக்க மேலிருந்து வந்தது. பராமரிப்பு ஊராட்சியின் தோளில் விழுந்தது. பல ஊர்களில் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் இதுவே. ஊராட்சியில் பூங்கா கேட்பவர்கள் கிராமசபைத் தீர்மானத்திலேயே ‘ஆண்டுப் பராமரிப்புக்கு ஊராட்சிப் பொது நிதியிலிருந்து இவ்வளவு’ என்று தொகையோடு எழுதச் செய்யுங்கள்.

மதிப்பீட்டில் எது இருக்க வேண்டும், எது வேண்டாம்

நிதி எதுவானாலும் மதிப்பீடு எழுதுபவர் நகராட்சியின் உதவிப் பொறியாளர். அவரிடம் வேறு பூங்காவின் பட்டியல் ஒன்று தயாராக இருக்கும். கேட்காவிட்டால் அதையே படியெடுப்பார். அதனால் மதிப்பீடு போடும் முன்பே அவரை இடத்துக்கு அழைத்து நடந்து காட்டுங்கள்.

முதலில் மட்டம். மனை போடுகிறவர் ஓ.எஸ்.ஆருக்கென்று விடுவது பெரும்பாலும் இருப்பதிலேயே தாழ்ந்த இடம். சாலையைவிட அரை மீட்டர் தாழ்ந்திருந்தால், 35 சென்டில் 700 கன மீட்டருக்கு மேல் மண் கொட்ட வேண்டும். இதை மறந்த மதிப்பீட்டில் கட்டிய பூங்கா ஐப்பசியில் குளமாகும். முழுவதையும் நிரப்பத் தொகை இல்லையென்றால் நடைபாதையையும் விளையாட்டுப் பகுதியையும் மட்டும் உயர்த்தி, நடுவைத் தாழ்வாகவே விட்டு மழைநீர் இறங்கும் குழியாக்குங்கள். அது குறைந்த செலவு, நிலத்தடி நீருக்கும் நல்லது.

அடுத்து சுற்றுச்சுவர். 35 சென்ட் சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 150 மீட்டர். ஆளுயரச் செங்கல் சுவர் கட்டினால் தொகையில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும், உள்ளே நடப்பதும் வெளியே தெரியாது. இருட்டிய பிறகு பெண்கள் வரத் தயங்குவதற்கு இந்தச் சுவரே காரணமாகிறது. அரை மீட்டர் அடிச்சுவரும் அதன்மேல் கம்பி வலையும் போதும். தெருவிலிருந்து பார்வை படும் பூங்காவில் தகராறு குறைவு.

நடைபாதை ஓரத்திலிருந்து 2 மீட்டர் உள்ளே போனால் ஒரு சுற்று சுமார் 134 மீட்டர். ஏழரைச் சுற்று ஒரு கிலோமீட்டர். 1.5 மீட்டர் அகலத்தில் 200 சதுர மீட்டர் தளம். 60 மில்லிமீட்டர் சிமெண்டுக் கல் நடப்பவர்களுக்குப் போதும். கல்லின் கனத்தைவிட அடித்தளம் முக்கியம்: மண்ணை நனைத்து இடித்து, ஜல்லிப் படுகை, அதன்மேல் ஜல்லித்தூள், இரு ஓரமும் கான்கிரீட் விளிம்புக் கல். விளிம்புக் கல் இல்லாத பாதை இரண்டு மழையில் விரிந்து கற்கள் ஆடும். முதலில் தடுக்கி விழுவது முதியவர்கள்தான்.

புல்தரை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வோம். நம் வெயிலில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 5 லிட்டர் தண்ணீர் கேட்கும். 500 சதுர மீட்டர் என்றால் நாளுக்கு 2,500 லிட்டர், மாதத்துக்கு 75,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஆறுக்கும் மேல். அதே இடத்தில் வேம்பு, புங்கன், மகிழம், நீர்மருது என்று 40 கன்றுகள் நட்டால், கன்றுக்கு 20 லிட்டர் வாரம் இருமுறை ஊற்றினாலும் வாரத்துக்கு 1,600 லிட்டர்தான். இரண்டு மூன்று ஆண்டுக்குப் பிறகு பெரும்பாலும் தண்ணீர் ஊற்றவே வேண்டியிருக்காது, நிழலும் வந்திருக்கும்.

சறுக்கு மரம் தகரத்தில் என்றால் மேற்கு பார்த்து நிறுத்தாதீர்கள். மாலை நான்கு மணிக்குப் பிள்ளைகள் தொடை சுடும். வடக்கு பார்க்க நிறுத்தி, கீழே கான்கிரீட் போடாமல் 30 சென்டிமீட்டர் மணல் நிரப்பச் சொல்லுங்கள். கடலோர ஊர்களில் உடற்பயிற்சிக் கருவிகள் துத்தநாகப் பூச்சுள்ளவையாக இருக்கட்டும். வெறும் பெயிண்ட் அடித்த குழாய் சீக்கிரமே துரு ஏறிவிடும். சிறிய பூங்காவில் கழிப்பறை கேட்க வேண்டாம். தினமும் கழுவ ஆளில்லாத கழிப்பறை பூங்காவின் பாதியை யாரும் நெருங்காதபடி செய்துவிடும்.

மின் இணைப்புக்கான வைப்புத் தொகையும் கட்டணமும் மதிப்பீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் கம்பம் நட்டு, விளக்கு மாட்டி, பணி முடிந்ததாகச் சான்றும் கொடுத்துவிடுவார்கள். இணைப்புக்கு மட்டும் பணம் இருக்காது. ஆழ்துளைக் கிணறு போட்டிருந்தால் அதன் மோட்டாரும் அதே இணைப்புக்காகக் காத்துக் கிடக்கும்.

இருப்பவர் யார் என்பதைப் பொறுத்து

நூறு வீடுகளுக்கு மேல், பதிவு பெற்ற சங்கம், ஒழுங்கான வங்கிக் கணக்கு இருந்தால் யோசிக்காமல் நமக்கு நாமே. வேலியை மட்டும் எம்.எல்.ஏ. நிதிக்குத் தள்ளினால் மக்கள் பங்கும் குறையும். ஐம்பது வீடுகளே உள்ள தெருவானால் பணியை இரண்டாக உடைத்து, முதல் ஆண்டில் மண் நிரப்புதல், நடைபாதை, மரம். அடுத்த ஆண்டில் விளையாட்டுக் கருவிகள் என்று கேட்கலாம். முதல் கட்டம் பயன்பாட்டில் இருப்பதைக் காட்டினால் இரண்டாம் கட்டத்துக்கு நிறுவன நிதி கேட்பது எளிது.

நிலப் பத்திரம் இன்னும் தெளிவாகாத இடத்தில் எந்த நிதியையும் கேட்காதீர்கள். அனுமதி வந்து பணி தொடங்க முடியாமல் ரத்தானால், அடுத்த முறை உங்கள் மனுவைப் பார்த்ததுமே அந்தப் பழைய கோப்பைத்தான் எடுப்பார்கள். விளையாட்டு மைதானமே நோக்கம், ஏக்கர் கணக்கில் இடமும் இருக்கிறது என்றால் பூங்கா நிதிகளை விட்டு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தை அணுகுங்கள். தொகுதிக்கொரு சிறு விளையாட்டரங்கம், தலா 3 கோடியில் என்று அரசு அறிவித்திருக்கிறது.

டெண்டருக்கு ஆகும் நாளையும் மனதில் கொள்ளுங்கள். 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்கு, ஒப்பந்தப்புள்ளி தாக்கல் செய்யக் குறைந்தது 15 நாள் தர வேண்டும் என்பது தமிழ்நாட்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதி. பணி ஆணை கிடைத்ததும் அதன் நகலையும் மதிப்பீட்டின் நகலையும் வாங்கிச் சங்கத்தின் பலகையில் ஒட்டிவிடுங்கள். எத்தனை விளக்கு, எத்தனை கன்று, எத்தனை சதுர மீட்டர் தளம் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தால் ஒப்பந்ததாரரும் கவனமாக இருப்பார், பொறியாளருக்கும் அது பக்கபலம்.

திறப்பு விழாவுக்கு முன் ஒரு காகிதம்

பணி முடியும் தறுவாயில், பராமரிப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தை நகராட்சியோடு எழுதிக்கொள்ளுங்கள். திறப்பு விழா முடிந்த பிறகு அதற்கு யாருக்கும் நேரமிருக்காது. இடம் நகராட்சியுடையது, அன்றாடப் பராமரிப்பு மட்டும் சங்கத்தின் பொறுப்பு, நுழைவுக் கட்டணம் கிடையாது, எந்தத் தெருப் பிள்ளையையும் தடுக்கக் கூடாது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். பூட்டும் சாவியும் தங்கள் கையில் இருப்பதால் பூங்காவும் தங்களுடையதே என்று சங்கங்கள் எண்ணத் தொடங்கும் ஆபத்து உண்மையானது. பொதுப் பணத்தில் எழுந்த இடம் அது; பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கும் அதே ஊஞ்சல்தான்.

நகராட்சி எதை ஏற்கிறது என்பதையும் எழுதுங்கள்: மின் கட்டணம், தண்ணீர் லாரி, குப்பை அள்ளுதல், உடைந்த கருவியை மாற்றுதல். சங்கம் ஏற்பது தோட்டக்காரர் கூலி. மகளிர் சுயஉதவிக் குழுவிடம் ஒப்படைத்தால் காலையும் மாலையும் இரண்டு மணி நேரம் என்று பகுதிநேர வேலையாக அமையும். ஒப்பந்ததாரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம், அதாவது பழுதை அவரே சரிசெய்து தர வேண்டிய காலம், எந்தத் தேதி வரை என்று பணி ஆணையில் பார்த்துக் குறித்து வையுங்கள். அது முடிய இரண்டு மாதம் இருக்கும்போது பூங்காவை ஒருமுறை முழுக்கச் சுற்றிவந்து, ஆடும் கல், எரியாத விளக்கு, பட்டுப்போன கன்று எல்லாவற்றையும் படத்தோடு எழுதி ஆணையருக்குக் கொடுத்து, நாளிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எழும் பழுதுக்குச் செலவு நகராட்சியின் பொது நிதியிலிருந்தோ சங்கத்தின் உண்டியலிலிருந்தோதான் வந்தாக வேண்டும்.